வெடிக்காது முசே

நான் பலூன் கட்டிப் பிழைப்பவள். பிறந்தநாள், வளைகாப்பு, கடை திறப்பு, நிச்சயதார்த்தம், எதுவானாலும் வந்து கம்பி வளைத்து, பலூன் ஊதி, தோரணம் கட்டிவிட்டுப் போவேன். புதுச்சேரியில் இந்த வேலைக்கு இப்போது தெருவுக்கு இரண்டு பேர் முளைத்துவிட்டார்கள். நான் ஆரம்பித்தபோது இத்தனை பேர் இல்லை. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. வாய்க்கொழுப்பும் உண்டு, அது பிறவியிலேயே வந்தது. இரண்டும் சேர்ந்து ஒரு மனிதருக்கு என்ன செய்தன என்பதைத்தான் எழுதப் போகிறேன். எழுதினால் மனசு லேசாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு ஆகவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் என் தப்பு எவ்வளவு பெரிது என்று தெரியாது. காற்றைச் சூடாக்கினால் விரியும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான், பரீட்சை எழுதிவிட்டு மறந்ததுதான். பலூன்காரியால் அப்படி மறக்க முடியாது. பத்தங்குல பலூனை ஏசி அறையில் உட்கார்ந்து முழுசாக ஊதி, அதைக் கொண்டுபோய் வெயிலில் வைத்தால் உள்ளே இருக்கிற காற்று இன்னும் கொஞ்சம் இடம் கொடு என்று கேட்கும். ரப்பர் கொடுக்கிற வரைக்கும் கொடுக்கும். அப்புறம் டமார்தான்.

அதற்காக எங்களிடம் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். ஒரு பக்கம் எட்டங்குல வட்டத்தில் ஓட்டை, இன்னொரு பக்கம் பத்தங்குல ஓட்டை. ஊதிய பலூனை ஓட்டைக்குள் விட்டுப் பார்ப்போம். இடித்தால் காற்றை இறக்கிவிட்டு முடிச்சுப் போடுவோம். ஏசி ஹாலுக்குப் பத்து, வெளியிடத்துக்கு எட்டு. பந்தல் போட்டிருந்தாலும் எட்டுதான், ஏனென்றால் பந்தல் நகராது, வெயில் நகரும். அதிலும் கருநீலம், கறுப்பு மாதிரியான நிறங்கள் சூட்டை இழுத்துக்கொள்ளும். அவற்றை இன்னும் தொளதொளவென்று விட வேண்டும். இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நாலு இடத்தில் வெடித்து, நாலு பேரிடம் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டேன்.

ஆனால் எட்டங்குலத்துக்கு ஊதிய பலூன் போட்டோவில் சோர்ந்துபோய்த் தெரியும். பத்துக்கு ஊதினால் கண்ணாடி மாதிரி பளபளக்கும். என்னைப் போன்றவர்களுக்கு அடுத்த ஆர்டர் வருவதே போட்டோவைப் பார்த்துத்தான்.

எங்கள் தெரு முதலியார்பேட்டையில் இருக்கிறது. மில் ஓடிய காலத்தில் மில் ஆட்கள் குடியிருந்த தெரு. என் அப்பாவும் மில்லில்தான் இருந்தார். மில் மூடிய பிறகு ஆளுக்கொரு வேலையாகிவிட்டது. காலையில் தட்டாஞ்சாவடிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள்தான் எங்கள் தெருவில் அதிகம். அந்தத் தெருவில், எதிர்ச்சாரியில் நாலு வீடு தள்ளி, ஒரு சொல்தா இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்றுதான் சொல்வோம். வாலிபத்தில் அல்ஜீரியா சண்டைக்குப் போனவர். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகள் பிரான்ஸில் இருக்கிறார். தெருவில் பெரியவர் சிறியவர் எல்லோரும் அவரை முசே என்றுதான் கூப்பிடுவோம். ஐயா என்கிற மாதிரி அது.

யாரிடமும் அதிகம் பேசமாட்டார். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த சட்டை இல்லாமல் வாசலுக்குக்கூட வரமாட்டார். தீபாவளி வந்தால் முதல் நாளே பையைத் தூக்கிக்கொண்டு பாகூர் பஸ் ஏறிவிடுவார். அங்கே ஒரு தெரிந்தவரின் வயலில், மோட்டார் கொட்டகைப் பக்கம், இரண்டு நாள் இருந்துவிட்டு வருவார். நாங்கள் என்ன சொல்லுவோம் தெரியுமா? “பிரெஞ்சு பென்ஷன் திமிரு. நம்ம பண்டிகைன்னா முசேவுக்கு ஆகாது.” இதை நானும் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை இல்லை, வருஷா வருஷம் சொல்லியிருக்கிறேன்.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அவர் முகம் மாறும். ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சுத் தேசிய நாளன்று, சொல்தாக்கள் எல்லாம் கோட்டில் மெடல் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலையில் இருக்கிற போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார்கள். முன்னால் ஒருவர் கொடி பிடித்துக்கொண்டு நடப்பார். கொடி பிடித்துக்கொண்டிருந்தவருக்கு முட்டி போய்விட்டது. அந்த வருஷம் முசேதான் கொடி பிடிப்பது என்று முடிவாகியிருந்தது. தெருவில் யாரிடமும் பேசாத மனிதர் அதை மட்டும் பால்காரரிடம், கீரைக்காரம்மாவிடம், என்னிடம்கூடச் சொன்னார். “இந்த வருஷம் நான்தான் பிடிக்கறேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் சொல்லிவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார்.

அதே வருஷம் மே மாதம் அவருக்கு எண்பத்தைந்து வயது. மகள் குடும்பத்தோடு பிரான்ஸிலிருந்து வந்து இறங்கினார். மகள், பேரன், பேரன் மனைவி, நாலு வயதில் ஒரு கொள்ளுப்பேத்தி. மகள்தான் என்னைக் கூப்பிட்டு ஆர்டர் கொடுத்தார். நீலம், வெள்ளை, சிவப்பு என்று பிரெஞ்சுக் கொடி நிறத்தில் பெரிய தோரணம், வீட்டுக் கூடத்தில் கேக் வெட்டு. கூடத்தில் ஏசி இருந்தது. நான் பத்தங்குல ஓட்டையில்தான் அளந்தேன். அதுவரைக்கும் தப்பில்லை.

விடிந்ததும் நானும் என் நாத்தனாரும் போய்ப் பம்பை வைத்து ஊத ஆரம்பித்தோம். என் நாத்தனார் என்னோடு வேலைக்கு வருவாள். வாய் குறைச்சல், கை வேகம். ஏழு மணி இருக்கும், முசே உள்ளேயிருந்து வந்தார். குவிந்து கிடக்கிற பலூனை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“இது வெடிக்குமாம்மா?”

“வெடிக்காது முசே” என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போனார். அரைமணி கழித்து மறுபடியும் வந்தார். “ஒண்ணும் வெடிக்காதுல்ல?” என்றார். “வெடிக்காது முசே, நீங்க போயி குளிங்க” என்றேன். எனக்கு எரிச்சல். வயசானவர்கள் கேட்டதையே கேட்பார்கள் என்று நாத்தனாரிடம் முணுமுணுத்தேன்.

ஒன்பது மணிக்கு மகள் வந்தார். “கீழ வெளிச்சம் பத்தல. போட்டோ நல்லா வராது. மாடியில ஷாமியானா போடச் சொல்லிட்டேன். தோரணத்தை மேல தூக்கிடலாமா?” என்றார்.

தூக்கலாம். ஆனால் ஒவ்வொரு பலூனையும் அவிழ்த்து, காற்றை இறக்கி, எட்டங்குலத்துக்குக் கொண்டுவந்து மறுபடி கட்ட வேண்டும். இரண்டு மணி நேர வேலை. அதோடு அந்தப் பளபளப்பும் போய்விடும். கொடி நிறத்தில் இவ்வளவு பெரிய தோரணத்தை நான் அதுவரை கட்டியதில்லை. அதைப் படமெடுத்துப் போட்டால் வெள்ளைக்காரத் தெரு ஹோட்டல்காரர்கள் கூப்பிடுவார்கள் என்று ஒரு கணக்கு எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

நாத்தனார் சொன்னாள். “அண்ணி, நீலத்தையாவது எறக்கிடலாம். கத்திரி வெயிலு. புட்டுக்கும்.”

“மேல ஷாமியானா இருக்குடி. பதினோரு மணிக்கு கேக்கு வெட்டிட்டு எல்லாரும் கீழ எறங்கிடப் போறாங்க. நீ தூக்கு.”

“அண்ணி…”

“நீ எனக்குத் தொழில் சொல்லித் தர்றியா? தூக்குடின்னா.”

அவள் தூக்கினாள். மாடியில் நிறுத்தி முடித்தபோது முசே படியேறி வந்தார். கோட்டுப் போட்டிருந்தார். அந்த வெயிலில் கோட்டு. தோரணத்துக்குப் பக்கத்தில் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

“மேல கொண்டாந்துட்டீங்க. வெடிக்காதே?”

எனக்குப் பொறுமை போய்விட்டது. நாலு உறவுக்காரர்கள் கேட்க, சிரித்துக்கொண்டே சொன்னேன். “என்னா முசே, இது இன்னா குண்டா வெடிக்கறதுக்கு? நான் கேரண்டி. போயி உக்காருங்க.” உறவுக்காரர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். என்னை நம்பித்தான் போய் உட்கார்ந்தார். இதை எழுதும்போதுகூட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கேக் பதினோரு மணிக்கு வெட்டவில்லை. யாரோ ஒரு மாமா வர வேண்டும் என்று காத்திருந்தார்கள். பன்னிரண்டு ஆனது. ஷாமியானாவின் ஓரத்தைத் தாண்டி வெயில் உள்ளே வந்து தோரணத்தின் இடது பக்கத்தில் விழுந்தது. அந்தப் பக்கம் முழுக்க நீலம். நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் அது கெட்டிக்காரன் புளுகு, எட்டு நாள்கூடத் தாங்காது. பார்த்துவிட்டு, இன்னும் பத்து நிமிஷம்தானே என்று நினைத்துக்கொண்டு போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தேன்.

முசே கத்தியைக் கையில் எடுத்தார். கொள்ளுப்பேத்தி அவர் பக்கத்தில் நாற்காலிமேல் நின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் பாட ஆரம்பித்தோம்.

முதல் நீல பலூன் வெடித்தது. ஒரு நொடி கழித்து இன்னொன்று. அப்புறம் மூன்று நாலு சேர்ந்தாற்போல் வெடித்தன. ஒன்று வெடித்த வேகத்தில் பக்கத்தில் இருந்ததெல்லாம் வெடித்தது.

“கூஷே! கூஷே!” என்று ஒரு குரல். அது முசேவின் குரல் என்று எனக்குத் தெரியவே இல்லை, அவ்வளவு கனமான குரல். பிரெஞ்சில் கீழே படு, கீழே படு என்று அதற்கு அர்த்தம். கத்தியை வீசிவிட்டு, பிள்ளையை நாற்காலியிலிருந்து வாரிக் கீழே தள்ளி, அவள்மேல் அப்படியே விழுந்து மூடிக்கொண்டார். எண்பத்தைந்து வயது மனிதர். மேஜை சாய்ந்து கேக் அவர் முதுகில் விழுந்தது.

நான் சிரித்தேன்.

வாய்விட்டுச் சிரித்தேன். மற்றவர்களும் சிரித்தார்கள், ஆனால் என்னை மாதிரி இல்லை. என் சிரிப்பு எப்போதுமே எட்டு வீட்டுக்குக் கேட்கும். முதுகில் கேக்கோடு ஒரு பெரியவர் தரையில் கிடக்கிறார், பலூன் வெடிக்கிறது, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பலூன் எல்லாம் வெடித்து ஓய்ந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை என்பதைப் பார்த்துத்தான் நிறுத்தினேன். மகள் ஓடிப்போய்ப் பிடித்துத் தூக்கினார். அவருடைய பேண்ட் நனைந்திருந்தது. மகள் மேஜை விரிப்பை இழுத்து அவர் இடுப்பில் சுற்றினார். பிள்ளை வீறிட்டு அழுதது. அவர் கையை நீட்டினார். அது அவரைப் பார்த்து இன்னும் பெரிதாகக் கத்திக்கொண்டு அதன் அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டது.

“ஏன் இப்படி ஆச்சு?” என்று மகள் என்னைக் கேட்டார்.

“சரக்கு சரியில்லக்கா. இப்ப வர்றதெல்லாம் மட்டமான ரப்பரு” என்றேன். நாத்தனார் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

இதோடு நின்றிருந்தால் அதைத் தொழிலில் ஒரு தப்பு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து வீடியோவைப் பார்த்தேன். மறுபடி சிரிப்பு வந்தது. அந்த இடத்தை மட்டும் வெட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகப் பொம்மை நாலைப் போட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். வைக்கும் முன்னால் ஒரு காரியம் செய்தேன். முசேவின் மகளுக்கு மட்டும் தெரியாதபடி மறைத்துவிட்டு வைத்தேன். கெட்ட எண்ணமே இல்லை என்று எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். கெட்ட எண்ணம் இல்லாதவள் எதற்கு மறைக்கிறாள்?

காலையில் நாத்தனார் வந்து, “அண்ணி, த்தூ, அத எடு” என்றாள். எடுத்தேன். அதற்குள் யார் யாரோ இறக்கிக்கொண்டு யார் யாருக்கோ அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் மார்க்கெட்டில் மீன்காரம்மா என்னிடமே காட்டினாள். “உங்க தெரு சொல்தாவாமே, பாத்தியா?” என்றாள். “அப்படியா?” என்றேன். பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. மத்தி மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிரான்ஸிலிருந்து வந்தவர்கள் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். பிள்ளை அவர் பக்கத்தில் போக மாட்டேன் என்று அழுததாம். அவர்கள் போன மறுவாரம் முசே ரொட்டி வாங்கத் தெருமுனைக்கு வந்தார். நான் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவன் காலி சிப்ஸ் பாக்கெட்டை ஊதி, கையால் அடித்து வெடித்தான். “கூஷே!” என்று கத்தினான். மற்றவர்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். முசே அப்படியே சுவரில் கையை வைத்து நின்றுவிட்டார். ரொட்டி கீழே விழுந்தது. ஊருக்கே சவுண்டு விடுகிறவள் நான். குப்பை வண்டிக்காரன் ஒரு நாள் வராவிட்டால் முனிசிபாலிட்டிக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கிறவள். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. அந்த ஆட்டோக்காரனை நான் என்ன உரிமையில் திட்டுவது? அவன் கையில் அதைக் கொடுத்தவளே நான்தானே.

அதற்குப் பிறகு முசே வெளியே வரவில்லை. ரொட்டியைப் பால்காரர் வாங்கிக் கொடுத்தார்.

ஜூலை பன்னிரண்டாம் தேதி காலையில் பிரான்ஸிலிருந்து மகள் எனக்குப் போன் செய்தார். “அப்பா கொடி பிடிக்க மாட்டேன்னுட்டார். மத்த சொல்தாங்க ஆளை விட்டுக் கேட்டும் முடியாதுன்னுட்டாராம். யாரோ அந்த வீடியோவை ஊரெல்லாம் அனுப்பியிருக்காங்க. எங்க சொந்தக்காரங்கள்லயே யாரோதான், யாருன்னு தெரியல” என்றார். அப்புறம் அழுதுகொண்டே ஒன்று சொன்னார். அல்ஜீரியாவில் ஒரு கடைத்தெருவில் குண்டு வெடித்தபோது முசேவின் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் நின்றிருக்கிறாள். அவர் கீழே படுத்துவிட்டார். அவளை இழுக்க அவருக்கு நேரமில்லை. “அம்மாகிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கார். அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். அதான் தீபாவளிக்குக்கூட ஊர்ல இருக்க மாட்டார். நான்தான் புத்தியில்லாம பலூனு வேணும்னேன். நீ அதே தெருதானே, போயி பேசேன். பலூன் வெயில்ல வெடிக்கறது சகஜம்னு நீ சொன்னா கேப்பார்.”

போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். தீபாவளிக்கு பஸ் ஏறுகிறவரை வருஷா வருஷம் திமிர் பிடித்தவர் என்றேனே. மூன்று தடவை கேட்டாரே. மூன்று தடவையும் வெடிக்காது என்றேனே. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் முகம் கழுவிக்கொண்டு கிளம்பினேன். நான் ஊதியது, நான் சிரித்தது, நான் எடுத்தது, நான் அனுப்பியது. வழி நெடுக வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

கதவைத் திறந்தவர் உட்காரச் சொன்னார். கோட்டு இஸ்திரி போட்டு அலமாரிக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் உட்காராமலே ஆரம்பித்தேன்.

“முசே, தப்பு என்னுது. வெயிலுக்கு எட்டங்குலம்தான் ஊதணும். நான் பத்துக்கு ஊதிட்டேன். காத்து சூடானா விரியும், அதான் வெடிச்சுது. சரக்கு மேல தப்பில்ல. எம்மேலதான்.”

அவர் கோபப்படவில்லை. “எனக்குத் தெரியாதாம்மா? பாலைவனத்துல மத்தியானத்துல லாரி டயரு வெடிக்கும். அதே கததான், உள்ள காத்து சூடாயிடும். சத்தம் கேட்டா நாங்க எல்லாரும் விழுந்து படுத்துடுவோம். அப்பறம் டயருன்னு தெரிஞ்சதும் எல்லாரும் சிரிப்போம்” என்றார். பிறகு, “எல்லாரும் படுத்தோம், எல்லாரும் சிரிச்சோம். இங்க நான் மட்டும் படுத்துட்டேன்” என்றார்.

நான் அழுதுவிட்டேன். “கொடி பிடிக்கப் போங்க முசே” என்றேன்.

“அந்த வீடியோ உன்னாண்ட இருக்கா? எல்லாரும் பாத்துட்டாங்க. நான் பாக்கல.”

இருந்தது. ஸ்டேட்டஸிலிருந்துதான் எடுத்தேனே தவிரப் போனில் அப்படியே வைத்திருந்தேன். “நான் எடுத்ததுதான் முசே” என்று சொல்ல வேண்டிய இடம் அது. வாயில் வந்தது வேறு. “எனக்கும் யாரோ அனுப்பினாங்க முசே” என்றேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு போனை வாங்கினார். பார்த்தார். திரும்பப் போடச் சொன்னார். மறுபடி பார்த்தார். விரலால் திரையைத் தொட்டு, “புள்ள தல வெளிய தெரியல பாரு. கையி, காலு எல்லாம் உள்ள இருக்கு. நல்லாத்தான் மறைச்சிருக்கேன்” என்றார். அவர் குரலில் இருந்தது வருத்தம் இல்லை. ஒரு வேலையைச் சரியாகச் செய்தோமா என்று சோதித்துப் பார்க்கிற குரல்.

மூன்றாவது தடவை பார்க்கும்போது போனைக் காதோடு வைத்துக்கொண்டார். என் சிரிப்பு அந்த அறை முழுக்கக் கேட்டது.

“இது யாரு?” என்றார்.

நான் அலமாரிக் கதவில் தொங்கிய கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“எல்லாரும் சிரிக்கறாங்க, அது பரவாயில்ல. ஒரு சிரிப்பு மட்டும் நிக்கவே மாட்டேங்குது. அது யாருன்னு தெரிஞ்சா போதும்மா. தெரிஞ்சுட்டா நான் போயிடுவேன். அந்த ஒரு ஆளை மட்டும் பாக்காம நடந்துடுவேன். தெரியாததுனாலதான் ரோட்டுல யாரைப் பாத்தாலும் இவங்களோ, இவங்களோன்னு இருக்கு. கொடியைப் பிடிச்சுக்கிட்டு அப்படி நடக்க முடியாதும்மா. நீ அங்கதான இருந்த. யாரு அது?”

ஒரு வார்த்தை போதும். நான் என்று சொன்னால் போதும். அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். இதைவிடச் சுலபமான பிராயச்சித்தம் உலகத்தில் யாருக்குக் கிடைக்கும்? ஆனால் சொன்னால் அவர் என்னைப் பார்க்கிற பார்வை எப்படியிருக்கும் என்று ஒரு நொடி நினைத்தேன். மகளுக்குத் தெரிந்துவிடும், தெருவே பேசும், ஆர்டர் போகும் என்று அடுத்த நொடி நினைத்தேன்.

“தெரியல முசே” என்றேன்.

“சரிம்மா” என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். நான் கிளம்பும்போது வாசல்வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

பதினாலாம் தேதி காலையில் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போனேன். மனம் மாறி வந்திருப்பார் என்று ஒரு நப்பாசை. கூட்டம் நல்ல கூட்டம். பேண்டு வாசித்தார்கள். சொல்தாக்கள் மெடலோடு வரிசையாக வந்தார்கள், சிலர் கோல் ஊன்றிக்கொண்டு, ஒருவர் சக்கர நாற்காலியில். கொடியை வேறொருவர் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் முசேவைவிட இளையவர், காற்றில் கொடியைச் சமாளிக்க முடியாமல் திணறினார். ஆனாலும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. போலீஸ்காரர் சல்யூட் வைத்தார். என் பக்கத்தில் இருந்த ஒரு அப்பா, தோளில் இருந்த மகளிடம் கையை எடுத்துக் கும்பிடச் சொன்னார்.

நான் திரும்பி வந்தபோது முசே வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கோட்டு போட்டிருந்தார். மெடல் எல்லாம் குத்தியிருந்தார். தொப்பி மடியில் இருந்தது. ஷூவுக்குப் பாலிஷ் போட்டிருந்தார். கிளம்பி வாசல் வரைக்கும் வந்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார் என்று பார்த்ததும் புரிந்தது. வண்டியை நிறுத்தாமல் போயிருக்கலாம். அவர் கையைக் காட்டினார், நிறுத்தினேன்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது முசே.”

“கூட்டமா?”

“நல்ல கூட்டம்.”

“யாராவது சிரிச்சாங்களா?”

“இல்ல முசே. ஒருத்தருகூட சிரிக்கல.”

அவர் தெருவின் அந்தக் கடைசியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சந்தேகமே இல்லாத பார்வை.

“அப்ப நான் போயிருக்கலாம்மா” என்றார்.